பிழை முக்கோணம்

மாதங்கி கேட்டது சின்னக் காரியம்தான்.
"ஊரையே அளக்கிறாய், தங்கச்சிக்கு ஒரு ஸ்ரீசக்கரம்
வரைந்து தரமாட்டாயா?
கடையில் வாங்கிய தகட்டில்
கோடுகள் குடித்துவிட்டு நடக்கின்றன."

வில்லாபுரம் வீட்டில் கணினி முன் உட்கார்ந்தேன்.
மேல்நோக்கி நான்கு, கீழ்நோக்கி ஐந்து.
ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
நாற்பத்து மூன்றாகப் பெருகவேண்டும்.
மூன்று கோடுகள் கூடும் இடத்துக்கு மர்மம் என்று பெயராம்.
உடம்பில் அடிபட்டால் உயிர் போகிற இடத்துக்கும்
வர்மக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தாளில் கூடித்தான் இருந்தன.
திரையில் பெரிதாக்கினேன்.
இன்னும்.
நூறு மடங்கில்
மூன்றும் ஓரிடத்தில் சேராமல் நழுவி
நடுவே பொடியாய் ஒரு முக்கோணம்,
யாரும் வரையாதது.

எனக்கு அது பழைய பகையாளி.
சர்வே பயிற்சியில், பலகையின்மேல்
தூரத்து அடையாளம் மூன்றைப் பார்த்து
மூன்று கோடு இழுக்கச் சொல்வார்கள்.
அவை வெட்டும் புள்ளியில் நீ நிற்கிறாய்.
ஒரு நாளும் வெட்டியதில்லை.
மிஞ்சுவது பிழை முக்கோணம்.
நீ அதற்குள்ளேயோ பக்கத்திலோதான் நிற்கிறாய்,
சரியாக எங்கே என்று கேட்காதே.

ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்தது.
இப்படி இரண்டு வாரம்.

அந்த மாதம்தான் மாநகராட்சி
சாக்கடைக் குழாய்க்காக மாசி வீதிகளை அளக்கச் சொன்னது.
இரவு ஒரு மணிக்கு மேல்தான் ரோடு காலி.
அந்தோணிராஜ் கம்பு பிடிக்க, நான் கண் வைக்க,
விளக்குத்தூண் பக்கம் ஆணியடித்துத் தொடங்கினோம்.
பரோட்டாக் கல் கழுவிக் கொட்டிய தண்ணீர்.
ஷட்டருக்கு வெளியே தூங்குகிறவரின் தலைமாட்டில் ரேடியோ.
பார்வைக்கோட்டில் வந்து நின்று அசைபோட்ட மாட்டுக்கு
இருபது நிமிடம் கொடுத்தோம்.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி.
உள்ளிருந்து சொல்லிக்கொண்டே வந்தால்
மாதங்கள் வரிசை தப்புகின்றன,
கடைசியில் மாதமே இல்லை, வெளி.
சக்கரத்தின் வெளிச்சதுரத்தைப் பூபுரம் என்பாள் மாதங்கி.
இது சதுரமா?
ஒரு மூலைகூடத் தொண்ணூறு இல்லை.
தேர் திரும்பித் திரும்பித் தெருவும்
கொஞ்சம் திரும்பிப் படுத்திருக்கிறது.

விடியற்காலையில் கணக்குப் போட்டேன்.
புறப்பட்ட ஆணிக்கும் வந்துசேர்ந்த ஆணிக்கும்
ஆறு சென்டிமீட்டர் இடைவெளி.
இரண்டும் ஒரே ஆணி.
"திரும்ப நடக்கணுமாண்ணே?"
வேண்டாம். விதி பொறுக்கிற அளவுதான்.
ஆறையும் எல்லா நிலைகளுக்கும் பங்கு வைத்தோம்.
டீக்கடை மூலைக்கு மூன்று மில்லிமீட்டர்,
நகைக்கடைக்கு இரண்டு,
மாடு நின்ற இடத்துக்கும் கொஞ்சம்.
யாருக்கும் வலிக்காமல் சுற்று மூடிக்கொண்டது.

இன்னொன்று.
தெரிந்த புள்ளி ஒன்று மட்டும் இருந்தால்
கருவிக்கு இடம் தெரியும், திசை தெரியாது.
இரண்டாவது ஒன்றைத் திரும்பிப் பார்த்தால்தான்
வடக்கு பிடிபடும்.
சக்கரத்துக்கு நடுவில் ஒரே பிந்து.
இந்த ஊருக்கு நடுவில் இரண்டு.
நடு இடத்தை அவருக்கு விட்டுவிட்டுத்
தெற்கே தள்ளி அமர்ந்துகொண்டு
அவள் ஆள்கிறாள்.
இத்தனை காலம் ஊர் திசை தப்பாமல் இருப்பதற்கு
எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்,
மாதங்கியிடம் சொன்னதில்லை.

தாளைக் கொடுத்தபோது பிழையையும் காட்டிக் கொடுத்தேன்,
பென்சில் முனையால், ஒவ்வொன்றாக.
குனிந்து பார்த்தாள். கண்ணாடி போட்டும் பார்த்தாள்.
"இருக்கட்டும், அங்கே குங்குமம் வைப்பேன்" என்றாள்.
அவள் மோதிர விரல் ரேகைக்குள்
என் முக்கோணங்கள் ஆயிரம் அடங்கும்.

மறுநாள் அந்தோணிராஜ் போன் செய்தான்.
விளக்குத்தூண் ஆணியைச் சுற்றி
அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தோம்.
"அதுமேல யாரோ எலுமிச்சம்பழம் நசுக்கி வச்சிருக்காங்கண்ணே.
கருவியை நிறுத்தவா, வேணாமா?"